"காய்ச்சல்கூட வரலையே, டாக்டர்?"

1/
போன மாசம் திருப்பருத்திக்குன்றத்துல இருந்து ஒரு பட்டு நெசவாளரை ஆட்டோவுல வச்சு கூட்டிட்டு வந்தாங்க. வயசு 54. காலையில தறிக்குழிக்குள்ள இறங்கி உட்கார்ந்தவரு, பத்து மணிவாக்குல நாடா கையை விட்டு விழுந்தது. எடுக்கக் குனிஞ்சவரால நிமிர முடியலை. "வாயுப் பிடிப்பு"ன்னு எண்ணெய் தேய்ச்சு படுக்க வச்சிருக்காங்க. எங்கிட்ட வரும்போது சாயங்காலம் நாலு மணி. வாய் கோணியிருந்தது. இடது கையும் காலும் அசையலை. பி.பி. 210/120.

2/
அவர் மனைவி கேட்ட ஒரே கேள்வி: "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு. காய்ச்சல்கூட வரலையே, டாக்டர்?"

இந்தக் கேள்வி ஒரு மாசமா என்னை விடலை. அதுக்குள்ள நம்ம ஊரோட ஐம்பது வருஷ நோய் வரலாறு இருக்கு. அதைத்தான் இந்த #இழை-யில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. (அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

3/
ஊரைத் தெரியாதவர்களுக்கு: காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றின் கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். ஜின காஞ்சி என்று பழைய பெயர். திரைலோக்கியநாதர் கோயிலும், அங்கே மண்டப விதானத்தில் இருக்கும் ஓவியங்களும் பலருக்குத் தெரியும். பக்கத்துத் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். முன்பைவிடக் குறைவுதான், ஆனால் இன்னும் கேட்கிறது. பட்டு முகூர்த்தப் புடவை வாங்கும் எல்லோருக்கும் இந்தப் பக்கத்து ஆட்களின் உழைப்போடு ஒரு தொடர்பு உண்டு.

4/
இவருடைய அப்பா காலத்தில் இந்த வட்டாரம் எதற்குப் பயந்தது? வாந்திபேதி, பெரியம்மை, காசநோய், தொழுநோய், யானைக்கால். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் காஞ்சிபுரமும் இருந்தது. யானைக்கால் நோய்க்கு இந்தப் பக்கம் பேர்போனது. திருமணியில் தொழுநோய் மருத்துவமனை இருந்ததும், 1955இல் அங்கேயே மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வந்ததும் காரணம் இல்லாமல் இல்லை. நோய் இங்கே அவ்வளவு இருந்தது.

5/
அந்த நோய்களை எப்படி ஜெயிச்சோம் என்பதில்தான் இந்த இழையின் விஷயமே இருக்கு.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. அப்போது காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. ஏழைக்கு அதற்கு வழி ஏது? குடிசையில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா என்று அந்த மையம் சோதித்துப் பார்த்தது.

6/
1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தபடி ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மாற்றிய ஆய்வு இது. நம்ம சென்னையில், நம்ம ஏழை நோயாளிகளை வைத்துக் கிடைத்த பாடம். பாடம் ரொம்ப சிம்பிள்: நோயாளி மருந்தைத் தேடி வரக் காத்திருக்காதே, மருந்து நோயாளியிடம் போகட்டும். விடாமல் போகட்டும்.

7/
எல்லாமே வெற்றியும் இல்லை. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசிக்குப் பெரிய ஆய்வு ஆரம்பித்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள். பதினைந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளிலிருந்து காப்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று அளந்து பார்க்கும் பழக்கம் அன்றைக்கே நம்மிடம் இருந்தது.

8/
பெரியம்மை 1975க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில். தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களில் வந்த பிறகு, விரல்களை இழந்து தெருவில் உட்கார்ந்திருந்த தலைமுறை முடிவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் அந்த எண்ணிக்கை 13.

இதை ஒரு முறை நிறுத்திப் படிங்க. 113லிருந்து 13.

9/
அதனால் "அந்தக் காலத்துல எல்லாரும் நூறு வயசு வாழ்ந்தாங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு பண்ணாதீங்க. 1990இல்கூட இந்தியாவில் பிறந்த ஆணுக்குச் சராசரி ஆயுள் 58.3, பெண்ணுக்கு 59.7. 2016இல் அது 66.9, 70.3 ஆனது. அந்தக் காலத்தில் நூறு வயசு வாழ்ந்த பாட்டியை நமக்கு ஞாபகம் இருக்கு. அவங்க பெத்து, மண்ணுக்குக் கொடுத்த நாலு பிள்ளைகளை யாருக்கும் ஞாபகம் இல்லை.

10/
இப்போ இந்தப் பக்கம் வருவோம். இந்தியாவின் ஒவ்வொரு மாநிலத்திலும் எந்த நோய் எவ்வளவு ஆரோக்கியமான வருஷங்களைத் தின்கிறது என்று ஐ.சி.எம்.ஆர். உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து கணக்குப் போட்டு 2017இல் வெளியிட்டன. சீக்கிரம் செத்ததால் இழந்த வருஷம், நோயோடு முடங்கி இழந்த வருஷம், இரண்டையும் கூட்டிய கணக்கு அது.

1990இல் மொத்தச் சுமையில் 61 சதவீதம் தொற்றுநோய், பிரசவம், பச்சிளங்குழந்தை, சத்துக்குறைவு சார்ந்தது. 2016இல் அது 33 சதவீதம். தொற்றா நோய்கள் அதே காலத்தில் 30லிருந்து 55 சதவீதமாக ஏறின.

11/
எல்லா மாநிலமும் ஒரே நாளில் இந்தக் கோட்டைத் தாண்டவில்லை. முதலில் தாண்டிய மாநிலத்துக்கும் கடைசியில் தாண்டிய மாநிலத்துக்கும் இடையில் இருபது வருஷத்துக்கு மேல் இடைவெளி. கேரளா, கோவா, தமிழ்நாடு மூன்றும் முன்வரிசை. தொற்றா நோய்களின் ஆதிக்கம் மிக அதிகமாக இருக்கும் மாநிலங்களும் இவையே. பழைய நோய்களைச் சீக்கிரம் ஜெயித்தோம், புது நோய்களைச் சீக்கிரம் சந்தித்தோம்.

12/
"இதெல்லாம் சென்னைக்காரன் நோய் சார், எங்க ஊருக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2006இல் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று இடங்களில் சர்க்கரை நோயை அளந்தார்கள். ஒன்று சென்னை நகரம். இரண்டாவது நம்ம காஞ்சிபுரம் டவுன். மூன்றாவது பண்ருட்டி பக்கத்துக் கிராமங்கள். சென்னையில் 18.6 சதவீதம். கிராமங்களில் 9.2. காஞ்சிபுரத்தில் 16.4.

அதாவது, கிட்டத்தட்ட இருபது வருஷத்துக்கு முன்னாலேயே காஞ்சிபுரத்தில் வயது வந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவருக்கு சுகர். கோயில் நகரம், பட்டு நகரம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தபோதே.

13/
மாநில அளவில்: ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2011இல் தமிழ்நாட்டில் 10.4 சதவீதம் என்றது. அதே ஆய்வின் முழு நாட்டு முடிவு 2023இல் வந்தபோது நமக்குக் கொடுத்த எண் 14.4. தமிழக அரசின் 2020 ஆய்வில் 17.6. ஒவ்வொன்றும் வேறு வேறு முறை, வேறு வயது வரம்பு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து "இவ்வளவு ஏறிடுச்சு" என்று சொல்லக் கூடாது. ஆனால் எந்தக் கணக்கை எடுத்தாலும் நாம் உயரத்தில்தான் இருக்கிறோம்.

14/
என்னைத் தூங்கவிடாத எண் அது இல்லை. அதே 2020 ஆய்வில் இன்னொரு எண் இருக்கு.

தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருப்பது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும். சுகர் உள்ளவர்களில் கட்டுக்குள் இருப்பது 10.8 சதவீதம்.

ஒரு தெருவில் நூறு பெரியவர்கள் என்றால் 34 பேருக்கு பிரஷர். அந்த 34 பேரில் ரெண்டு மூணு பேர்தான் தப்பித்தவர்கள். மற்ற முப்பத்திச் சொச்சம் பேரும், அந்த நெசவாளர் மாதிரி, காய்ச்சல்கூட இல்லாமல் நல்லாத்தான் இருக்காங்க.

15/
பிரஷர் மாத்திரை கிடைக்காத மாத்திரையா? இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கடையில் வாங்கினாலும் ஒரு மாத்திரை ஒரு டீயைவிட மலிவு. மருந்து இருக்கு, மருத்துவமனை இருக்கு, டாக்டர் இருக்கோம். அப்புறம் ஏன் நூற்றுக்கு ஏழு?

இங்கேதான் எங்க மருத்துவ உலகம் ஒரு சுலபமான பதிலைக் கையில் வச்சிருக்கு: "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. உடம்பு வளையறதில்லை. வாயைக் கட்டறதில்லை." இந்தப் பதிலைத்தான் நான் மறுக்க வர்றேன்.

16/
குழித்தறியைப் பார்த்திருக்கீங்களா? தரையில் தோண்டின குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, பலகையில் உட்கார்ந்து, முன்னால் வளைந்து நெய்யணும். கால் மிதியை மிதிக்கும், கை நாடாவைத் தள்ளும். இடுப்புக்கு மட்டும் அசைவே இல்லை. காலையிலிருந்து இருட்டும் வரை இப்படி. இந்த மனுஷனிடம் "வேலை செய்யாம உட்கார்ந்தே இருக்கீங்க, வாக்கிங் போங்க" என்று சொல்லிப் பாருங்கள். எந்த முகத்தோடு சொல்வீர்கள்? ஆனால் உடல் கணக்குப்படி அவர் உட்கார்ந்தே இருப்பவர்தான். உழைப்பாளியும் அவரே, அசையாதவரும் அவரே.

17/
சாப்பாடு? ரேஷன் அரிசி மூன்று வேளை. ஊறுகாய், அப்பளம், கருவாடு. பாவில் இழை அறுந்தால் எரிச்சல், எரிச்சலுக்கு ஒரு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. இதைப்போல ஒரு நாளைக்கு அஞ்சாறு. பசியை அடக்கக் கையில் இருக்கும் மலிவான பொருட்கள் இவைதான். பருப்பும் காயும் பழமும் என்ன விலை விற்குது என்று உங்களுக்கே தெரியும். அரசு அரிசியை இலவசமாகக் கொடுத்து பட்டினியை ஒழித்தது மகத்தான விஷயம். அதே ரேஷன் கடையில் பருப்பும் சிறுதானியமும் தாராளமாகக் கிடைத்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும்.

18/
இன்னொன்று. பழைய காலத்துப் பட்டினிக்கும் இந்தக் காலத்துச் சுகருக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் பல ஆண்டுகள் செய்த ஆய்வு என்ன சொல்கிறது? நம்ம குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடம்பில் கொழுப்பு விகிதம் குறைவதில்லை. குறைவது தசைதான். கர்ப்பத்தில் அரைவயிறாக இருந்த தாயின் பிள்ளை, பிற்காலத்தில் முழுவயிறு சாப்பிடும்போது, அவன் உடம்பு அதற்குத் தயாராக இல்லை. ஆள் ஒல்லி, தொந்தி மட்டும் தனியாகத் தெரியும். காஞ்சிபுரம் தெருவில் நான் தினம் பார்க்கும் உருவம் இது. பாட்டியின் பசி பேரனின் ரத்தத்தில் சர்க்கரையாக வந்து நிற்கிறது.

19/
அதனால்தான் "பழைய நோய் போச்சு, புது நோய் வந்துச்சு" என்பதும் அரை உண்மைதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. அதே ஆய்வில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரே வீட்டில், சில சமயம் ஒரே பெண்ணிடம், இரண்டும். சுகர் இருப்பவருக்குக் காசநோய் வரும் ஆபத்து ரெண்டு மூணு மடங்கு. பழைய எதிரி கதவுக்கு வெளியே போகலை, புது எதிரியின் தோளில் கை போட்டு நிக்குது.

20/
"வயசானவங்க அதிகமானா இந்த நோய் எண்ணிக்கையும் அதிகமாகத்தானே செய்யும்?" நியாயமான கேள்வி. ஓரளவு உண்மை. தமிழ்நாடு வேகமாக முதுமை அடையும் மாநிலம். புற்றுநோய் கூடுவதில் ஒரு பகுதி அதனால்தான். ஆனால் எங்கள் வார்டில் படுத்திருப்பவர்கள் எண்பது வயதுக்காரர்கள் இல்லை. பல நாடுகளை ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8. பேத்தி கல்யாணம் பார்த்துவிட்டு வரும் நோய் இல்லை இது. மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்கும்போது வரும் நோய்.

21/
புற்றுநோய் என்றால் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு காரப்பேட்டை ஞாபகம் வரும். 1969 பிப்ரவரியில் நம்ம ஊர் அண்ணா புற்றுநோயால் மறைந்தார், 59 வயதில். அவர் பெயரில் இங்கே மருத்துவமனை வந்தது. அவரும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

"எல்லாம் உரம், கெமிக்கல், அதான் கேன்சர்" என்று ஒரே வரியில் முடிப்பவர்களுக்கு: சென்னையில் பெண்களிடம் ஒரு காலத்தில் முதலிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய். அது வைரஸ் தொற்றால் வருவது. அது குறைந்துகொண்டே வந்தது, மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்துக்குப் போனது. ஒரே ஊரில், ஒரே உறுதியான போக்கு. தொற்று சார்ந்தது இறங்குது, வாழ்க்கை மாற்றம் சார்ந்தது ஏறுது. இன்னும் கருப்பைவாய்ப் புற்றுநோயால் சாகும் ஒவ்வொரு பெண்ணும் தடுத்திருக்கக்கூடிய சாவு என்பதையும் மறக்க வேண்டாம்.

22/
சரி, அரசு ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. இதற்கும் முன்னால் சொன்ன 1959 ஆய்வுக்கும் உள்ள சொந்தம் உங்களுக்குத் தெரியும். அதே பாடம்தான், நோய் மட்டும் வேறு.

பலன் இருக்கா? அடுத்த சுற்று ஆய்வில் பிரஷர் கட்டுப்பாடு 7.3இலிருந்து 17 சதவீதமாகவும், சுகர் கட்டுப்பாடு 10.8இலிருந்து 16.7 ஆகவும் ஏறியது. எந்தக் கட்சி ஆட்சி என்று பார்க்காமல் கைதட்டலாம். கைதட்டிவிட்டு மீதி 83 பேரை எண்ணலாம்.

23/
இப்போ என் பங்கு தப்பைச் சொல்றேன். இதைச் சொல்லாம இந்த இழை முடியாது.

அந்த நெசவாளரின் பையில் ஒரு பழைய சீட்டு இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமில் எழுதியது. பி.பி. 170/110. ஒரு மாசத்துக்கு மாத்திரை. கீழே "டவுன்ல வந்து காட்டவும்." கையெழுத்து என்னுடையது.

24/
அவர் அந்த ஒரு மாச மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கார். முடிஞ்சது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. குணமாயிடுச்சுன்னு நிறுத்திட்டார். அவர் மனைவி சொன்னாங்க: "அஞ்சு நாள் மாத்திரை சாப்பிட்டா காய்ச்சல் போயிடுது. இது முப்பது நாள் சாப்பிட்டாருங்க டாக்டர்."

அவங்க சொன்னது தப்பா? நாங்க கத்துக் கொடுத்த பாடம்தானே அது? மூணு தலைமுறையா நோய்னா காய்ச்சல், வலி, பேதி. மாத்திரைன்னா ஒரு கோர்ஸ், முடிஞ்சா விடுதலை. "இது முடியாத கோர்ஸ், உங்க உசிரு இருக்கிற வரைக்கும்" என்று நான் அன்னிக்கு உட்கார வச்சு சொல்லலை. வரிசையில் நூறு பேர் நின்றார்கள். ரெண்டு நிமிஷத்தில் அவரை அனுப்பிட்டேன்.

25/
"டவுன்ல வந்து காட்டவும்" என்று எழுதறது எனக்கு ஒரு வரி. அவருக்கு அது ஒரு நாள் கூலி. கோர்வைப் புடவைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் வேணும். முன்பெல்லாம் அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போ பள்ளிக்கூடம் போறாங்க, அது நல்லது. அந்த இடத்தில் மனைவி. இவர் ஆஸ்பத்திரிக்கு வந்தா தறி நிக்கும், ரெண்டு பேர் வேலையும் நிக்கும். உடம்பில் ஒண்ணும் இல்லாத மனுஷன், ஒண்ணும் இல்லைன்னு கேட்கறதுக்காக, ஒரு நாள் கூலியை விட்டுட்டு வருவாரா? நீங்க வருவீங்களா?

26/
அதனால் நான் கேட்பது விழிப்புணர்வு ஊர்வலம் இல்லை. இவைதான்:

நெசவாளர் சொசைட்டியில் பாவு வாங்க, கூலி வாங்க வரும் நாளில் அங்கேயே பி.பி., சுகர் பார்க்கணும். முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும்.

வாரத்தில் ரெண்டு நாளாவது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தொற்றா நோய் கிளினிக் இருக்கணும்.

அளவு சீராக இருப்பவர்களுக்கு ரெண்டு மூணு மாசத்து மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கணும்.

மாத்திரை கொடுத்தாச்சா என்பதோடு, அளவு இறங்கிச்சா என்பதையும் தெரு வாரியாகக் கணக்கெடுக்கணும். அந்தக் காலத்தில் பி.சி.ஜி.யை அளந்தவர்கள் நாம். இதை அளக்க முடியாதா?

27/
எங்க டாக்டர்களுக்கு: நோயாளியைத் திட்டறதை நிறுத்துவோம். மாத்திரையை ஏன் விட்டீங்கன்னு கேட்கும்போது, அது விசாரணை மாதிரி இருக்க வேண்டாம். பதில் பெரும்பாலும் பணமும் நேரமும்தான். முதல் நாள் அஞ்சு நிமிஷம் செலவு பண்ணுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை கிட்னி, கண், பாதம் பார்ப்போம். செருப்பைக் கழற்றச் சொல்லாம சுகர் நோயாளியை அனுப்பாதீங்க.

28/
உங்களுக்கு: வயசு முப்பதுக்கு மேலயா? இந்த வாரம் பி.பி. பாருங்க. 140/90ஐத் தாண்டினா இன்னொரு நாள் திரும்பப் பாருங்க. மாத்திரை தொடங்கினா உங்க டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். நம்ம ஆட்கள் அதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சாப்பிடறோம். டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்க, ரெண்டு வாரத்தில் நாக்கு பழகிடும்.

29/
இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. முகம் ஒரு பக்கம் கோணுதா, ஒரு கை தூக்க முடியலையா, பேச்சு குழறுதா? எண்ணெய் தேய்க்காதீங்க, தண்ணீர் கொடுக்காதீங்க, நாளைக்குப் பார்க்கலாம்னு விடாதீங்க. உடனே 108. சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும். அந்த நெசவாளர் எங்கிட்ட வந்தது ஆறாவது மணி நேரத்தில்.

30/
சமணத்தில் நாலு தானம் சொல்வாங்க. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி. திருப்பருத்திக்குன்றம் அந்த மரபில் வந்த ஊர். மருந்து தானம் என்று அன்றைக்குச் சொன்னது வந்த நோய்க்குக் கொடுத்த மருந்தை. இன்றைக்குத் தேவைப்படுவது, முப்பது வருஷம் விடாமல் கொடுக்கும் மருந்து. இதைத் தனி மனுஷன் தர்மமாகச் செய்ய முடியாது. அரசும் ஊரும் டாக்டரும் சேர்ந்துதான் செய்யணும்.

31/
அவர் இப்போ கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சு திரும்பிடுச்சு. இடது கை வரலை. தறியில் பாதி நெய்த புடவை அப்படியே நிக்குது, அதை முடிக்க வேற ஆள் தேடறாங்க. நேற்று பி.பி. 134/84. மாத்திரையை மனைவி எடுத்துக் கொடுக்கிறாங்க. போகும்போது கேட்டாங்க, "இன்னும் எத்தனை நாளைக்கு டாக்டர்?"

இந்தத் தடவை உட்கார வச்சு பதில் சொன்னேன். அவங்களுக்கும் பி.பி. பார்த்தேன். 160/100.

அவங்களுக்கும் காய்ச்சல் இல்லை.

(முடிந்தது. பயன்பட்டால் உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பகிருங்க.)